பெஞ்சு

சமயநல்லூர் தாண்டி நாலுவழிச் சாலையோரம்
சூறாவளி என்று பெயர் வைத்த ராட்டினம்.
அதன் காலடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு,
ஏறக்கூடாதவர்களுக்கு.

ஏறுகிறவர்கள் எதையெல்லாம் கழற்றுகிறார்கள் என்று
இங்கே உட்கார்ந்தால்தான் தெரியும்.
மூன்று மூக்குக்கண்ணாடி, ஒரு காதுக் கருவி,
ஒரு சவுரி,
பாதி கடித்த மக்காச்சோளம்.
எல்லாம் என் மடியில்.
அண்ணன் பிள்ளைகளின் செருப்பு மட்டும் காலடியில்.

என் இடது காறையெலும்புக்குக் கீழே
தீப்பெட்டியைவிடச் சிறிதாய் ஒன்று புதைந்திருக்கிறது.
முப்பத்தோரு வயதில் பெரியாஸ்பத்திரியில் வைத்தது.
அதனால் கைப்பை வலது தோளில்தான்.
பைக்குள் ஓர் அட்டை:
பேட்டரியின் எண், வைத்த தேதி, ரத்த வகை.
மாட்டுத்தாவணியில் வேகமாக நடக்கலாம்,
விளக்குத்தூணில் பேரம் பேசிக் கத்தலாம்,
இது மட்டும் வேண்டாம் என்றார் டாக்டர்.
'இது' என்றபோது கையைக் கவிழ்த்துக் காட்டினார்,
தோசை திருப்புவதுபோல.

பலகையில் வெயிலுக்கு 'இ' உதிர்ந்துவிட்டது.
தய நோயாளிகளுக்கு அனுமதி இல்லை.
தயை ஒரு நோயென்றால்
ஒச்சப்பனுக்கு அது முற்றியிருந்தது.
கழுத்தில் விசில் ஆட ஒவ்வொருவரிடமும் கேட்கிறான்:
"அக்கா, மாசமா இருக்கீகளா?
அண்ணே, பிரஷரு, வலிப்பு, கழுத்துல ஆப்ரேசன்?"
எல்லாருக்கும் இல்லை.
முக்கால் மணி நேரம் வரிசையில் காய்ந்தவன் வாயில்
வேறென்ன வரும்?
கம்பியை இறக்கி இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறான்.
கம்பிக்குள் இருக்கும் நெஞ்சை இழுத்துப் பார்க்க வழியில்லை.

கோடு போட்ட சட்டைக்காரர்,
மகளை முன்னால் போகவிட்டு
வரிசை வளையுமிடத்தில் முதுகைக் காட்டி நின்றார்.
சட்டைப்பையிலிருந்து எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தார்.
மெல்லவில்லை. விழுங்கவில்லை.
எனக்குத் தெரியும் அந்த மாத்திரை.
அது கரையும்வரை
மனிதர்கள் எதையும் பார்க்காமல் பார்ப்பதும் தெரியும்.

அடுத்தவர் நெஞ்சில் எனக்கென்ன சோலி?
கண்ணாடிகளை வைக்க இடமில்லாமல்
முந்தானையோடு அள்ளிக்கொண்டு போனேன்.
"கோடு போட்ட சட்டை. மாத்திரை."
ஒச்சப்பன் தலையைக்கூட ஆட்டவில்லை.

மகள் ஏற்கெனவே இருக்கையில், கம்பிக்குள்,
கூச்சலில் எதுவும் கேட்காத தூரத்தில்.
"காசு குடுத்திருக்கேன். என் நெஞ்சு, என் இஷ்டம்."
"நெஞ்சு ஒங்களுதுதாண்ணே.
கம்பி என்னோடது."

பெஞ்சின் மறுகோடியில் வந்து விழுந்தார்.
நடுவில் சவுரியும் மக்காச்சோளமும்.
விசில். சூறாவளி கிளம்பியது.
உச்சியில் கவிழ்ந்தவர்களுக்கு
நாகமலை
வாலைப் பிடித்துத் தூக்கிய பாம்பாய்த் தெரிந்திருக்கும்.
எங்களுக்கு எப்போதும்போல் படுத்துக் கிடந்தது.

"நீங்கதான் சொன்னீகளா?"
"ஆமா."
"ஒங்களுக்கு என்ன?"
அட்டையை நீட்டினேன்.
ரேஷன் கார்டைப் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் படித்தார்.
"பேட்டரி எத்தன வருசத்துக்கு?"
"எட்டு, பத்து."
"அப்புறம்?"
"வேற வைப்பாக."
வெகுநேரம் மேலேயே பார்த்திருந்தார்.
"எனக்கு ரெண்டு அடைப்பு. வீட்ல தெரியாது."

சொல்லிவிடுங்கள் என்றிருக்கலாம்.
வரவில்லை.
ஒரு நாளைக்கு ஒருமுறைதான் முடிகிறது,
இன்றைக்கு அது முடிந்துவிட்டது.

தலை கலைந்து, முழங்கால் நடுங்க, சிரித்துக்கொண்டே வந்தாள்.
"ஏம்ப்பா ஏறல? நான் திரும்பித் திரும்பிப் பாத்தேன்!"
அவர் முதலில் என்னைப் பார்த்தார்.
"செருப்பு வார் அறுந்துபோச்சும்மா."

புதுச் செருப்பு. வார் அறவில்லை.
நான் குனிந்து
பிள்ளைகளின் செருப்பை எண்ணத் தொடங்கினேன்.
அவரோ,
மகள் தோளில் ஒரு கை வைத்து,
வாசல்வரைக்கும்
வலது காலை இழுத்து இழுத்தே நடந்தார்.